சக்கரம் இல்லாமல் ஒரு தாழி

(இரண்டாமாண்டு சிவில் மாணவி ஒருவரின் கட்டுரை)



ஆண்டு மலருக்குக் கட்டுரை கேட்டபோது எங்கள் வகுப்பில் ஆளுக்கு ஒரு தலைப்பு சொன்னார்கள். ஒருத்தர் மேம்பாலம், ஒருத்தர் சூரிய மின்சாரம், ஒருத்தர் செயற்கை நுண்ணறிவு. நான் பானையைப் பற்றி எழுதுகிறேன் என்றதும் ஒரே சிரிப்பு. "சிவில் படிக்கிற பொண்ணுக்குப் பானையில என்ன வேலை?" என்று கேட்டார்கள். வேலை இருக்கிறது. நாம் சாயில் மெக்கானிக்ஸ் லேபில் மதிப்பெண்ணுக்காகச் செய்கிற சோதனைகளை, மார்க் ஷீட் என்ற ஒன்றைக் கண்ணால் பார்க்காதவர்கள் மூவாயிரம் வருஷமாகக் கையால் செய்துகொண்டு வந்திருக்கிறார்கள். அதுவும் நம் தாமிரபரணிக் கரையிலேயே. அதை எனக்குத் தெரிந்த அளவில் கணக்கோடு சொல்வதுதான் இந்தக் கட்டுரை.

கொற்கையும் அதன் மண்ணும்

எங்கள் ஊர் கொற்கைக்குப் பக்கத்தில். சுற்றிலும் வாழை, நெல், குளங்கள். எங்க அப்பாவும் அம்மாவும் வாழைத் தோட்டத்தில் கூலி வேலை. எங்கள் குடும்பத்தில் பத்தாம் வகுப்பைத் தாண்டியது நான்தான் முதல் ஆள்.

கொற்கை ஒரு காலத்தில் பாண்டியர்களின் துறைமுகம். முத்துக்குப் பேர் போன ஊர். கிரேக்க மாலுமிகளின் குறிப்புகளில் 'கொல்கொய்' என்று வருவது இந்த ஊர்தான். 1968-69-இல் தமிழ்நாடு தொல்லியல் துறை இங்கே தோண்டியபோது கிடைத்த கரித்துண்டைக் கதிரியக்கக் கார்பன் முறையில் சோதித்தார்கள், வயது கி.மு. 785-ஐ ஒட்டி வந்தது. 2021-இல் மறுபடியும் தோண்டியபோது ஒன்பது அடுக்காகச் செருகிய, துளை போட்ட சுடுமண் குழாய் ஒன்று கிடைத்தது.

துறைமுகம் என்கிறீர்களே, கடல் எங்கே என்று வெளியூர் நண்பர்கள் கேட்பார்கள். இன்றைக்குக் கடல் ஊரிலிருந்து சுமார் 6 கிலோமீட்டர் தள்ளி இருக்கிறது. தாமிரபரணி வருஷா வருஷம் கொண்டுவந்து கொட்டிய வண்டல் முகத்துவாரத்தைத் தூர்த்துவிட்டது. துறைமுகத்தைக் கெடுத்த அதே வண்டல்தான் நெல்லுக்கும் வாழைக்கும் உரமானது. குளத்தடியில் மெல்லிய களிமண்ணாகப் படிந்து பானைக்கும் ஆனது. ஆகவே இந்தப் பாடத்தின் மூலப்பொருள் நம் காலடியிலேயே கிடக்கிறது.

ஆற்றோடு மேலே போனால் சிவகளை, ஆதிச்சநல்லூர். ஆதிச்சநல்லூரில் 1876-இல் ஜெர்மனியைச் சேர்ந்த ஜாகோர் தோண்டினார். அதன் பிறகு அலெக்சாண்டர் ரீ 1899 முதல் 1905 வரை தோண்டினார். மத்திய தொல்லியல் துறை 2004-05-இல் தோண்டியபோது நூற்றைம்பதுக்கும் மேல் தாழிகள் வெளியே வந்தன. சிவகளையில் ஒரு தாழிக்குள் இருந்த நெல் உமியைச் சோதித்ததில் கி.மு. 1155 என்று வயது வந்ததாகத் தமிழ்நாடு அரசு 2021-இல் அறிவித்தது.

தாழி என்றால் இறந்தவர்களையோ அவர்கள் எலும்பையோ வைத்துப் புதைத்த பெரிய மண்பாத்திரம். பேரிக்காயைத் தலைகீழாக நிறுத்தினது மாதிரி வாய் அகன்று, அடி குறுகி இருக்கும். மூன்றடி உயரம் சாதாரணம். 2023 ஆகஸ்ட் முதல் ஆதிச்சநல்லூரில் தோண்டிய குழிக்கு மேல் கண்ணாடி போட்டு, தாழிகள் கிடந்த இடத்திலேயே பார்க்கும்படி வைத்திருக்கிறார்கள். திருநெல்வேலி - திருச்செந்தூர் சாலையில்தான் இருக்கிறது. லீவில் போய் வாருங்கள்.

அங்கே கண்ணாடி மேல் நின்று குனிந்து பார்த்தால் எல்லாருக்கும் சாவு ஞாபகம் வரும். எனக்கு வேறு கேள்வி வந்தது. இவ்வளவு பெரிய பாத்திரத்தை எப்படி நிற்க வைத்தார்கள்?

சக்கரத்தால் ஏன் முடியாது?

பானை என்றால் நமக்குச் சக்கரம்தான் ஞாபகம் வரும். ஆதிச்சநல்லூரின் மெல்லிய கிண்ணங்கள் சக்கரத்தில் செய்தவைதான். ஆனால் பெரிய தாழியைச் சக்கரத்தில் ஒரே மூச்சில் இழுத்துவிட முடியாது. காரணத்தை நம் பாடக் கணக்காகவே போட்டுப் பார்க்கலாம்.

உயரம் 90 செ.மீ., சராசரி விட்டம் 55 செ.மீ., சுவர்க் கனம் 2 செ.மீ. என்று வைத்துக்கொள்வோம். (இது கணக்குக்காக நானே எடுத்துக்கொண்ட அளவு.) எளிமைக்காக அதை ஓர் உருளையாக நினைத்தால் சுவரின் பரப்பு 1.55 சதுர மீட்டர். அடிப்பகுதி 0.24 சதுர மீட்டர். இரண்டும் சேர்த்து 1.79. கனத்தால் பெருக்கினால் மண்ணின் கன அளவு 0.036 கன மீட்டர். ஈரக் களிமண் கன மீட்டருக்குச் சுமார் 1,900 கிலோ. ஆகவே ஒரு தாழிக்கு ஏறக்குறைய 68 கிலோ ஈரமண்.

இந்த 68 கிலோவைச் சக்கரத்தின் நடுவில் நிறுத்தி, கம்பால் சுழற்றி, இரண்டு கையால் இழுக்க வேண்டும் என்றால் ஆளும் தாங்க மாட்டார், சக்கரமும் தாங்காது. அதைவிடப் பெரிய சிக்கல் ஒன்று இருக்கிறது. சக்கரத்தில் இழுக்க மண் நன்றாக இளகி இருக்க வேண்டும். இளகிய மண் தன் பாரத்தையே தாங்காது.

அதையும் கணக்குப் போடலாம். 90 செ.மீ. உயரச் சுவரின் அடியில் அதன் சொந்த எடையால் வரும் அழுத்தம் = 1,900 × 9.81 × 0.9, அதாவது சுமார் 17 கிலோபாஸ்கல். நம் புத்தகத்தில் 'மிக மென்மையான களிமண்' என்பதன் அமுக்க வலிமை 25 கிலோபாஸ்கலுக்குக் கீழே என்று போட்டிருக்கும். அப்படியானால் பாதுகாப்பு எண் மிஞ்சிப் போனாலும் 1.5தான். அதுவும் சுவர் செங்குத்தாக நின்றால். தாழியின் சுவரோ வெளியே சாய்ந்து போகிறது. கட்டி முடிக்கும் முன்பே 'தொப்'பென்று உட்கார்ந்துவிடும்.

இதே சுவரை ஒரு நேரத்தில் 30 செ.மீ. மட்டும் கட்டினால்? அழுத்தம் 5.6 கிலோபாஸ்கல், பாதுகாப்பு எண் நான்குக்கு மேல். அடுத்த அடுக்கு வைப்பதற்குள் கீழ் அடுக்கு கொஞ்சம் இறுகி வலிமை ஏறியிருக்கும். மேலே ஏற ஏறக் கீழே பலம் கூடிக்கொண்டே போகும். கட்டடத்தில் ஒரு மாடி கான்கிரீட் இறுகின பிறகு அடுத்த மாடி போடுகிறோமே, அந்த நியாயம்தான்.

இதுதான் கையால் கட்டும் முறை. மண்ணைக் கயிறு போல உருட்டி, வளையமாக வைத்து, உள்ளும் வெளியும் விரலால் இழுத்து ஒட்டி, வளையத்தின் மேல் வளையமாக ஏற்றுவது. பிறகு உள்ளே ஒரு உருண்டைக் கல்லைப் பிடித்துக்கொண்டு வெளியே மரப்பலகையால் தட்டினால் இணைப்புகள் இறுகும், சுவர் ஒரே கனமாகும். இந்தத் தட்டும் வேலையை நம் பக்கத்துக் குயவர்கள் சக்கரத்துப் பானைக்கும் செய்வார்கள். சக்கரத்தில் இழுத்து அறுத்த பானைக்கு அடிப்பாகம் இருக்காது. பாதி காய்ந்ததும் தட்டித் தட்டித்தான் அடியை மூடுவார்கள். ஆக, சக்கரம் வந்த பிறகும் கைக்கட்டு போய்விடவில்லை.

கையால் கட்டுவது சக்கரம் தெரியாதவர்களின் பழைய வழி என்று நானும் பள்ளிக்கூடத்தில் படித்தேன். கணக்குப் போட்டுப் பார்த்தால் அப்படி இல்லை. ஒரே அளவில் நூறு சட்டி வேண்டுமா, சக்கரம்தான் சரி. ஆள் உட்காரும் அளவு பாத்திரம் வேண்டுமா, வட்டமில்லாத உருவம் வேண்டுமா, அய்யனார் கோயில் குதிரை வேண்டுமா, அதற்குக் கைதான் சரி. எது முந்தியது என்பதைவிட எது எந்த வேலைக்கு என்பதுதான் கேள்வி.

புறநானூறு 256-ஆம் பாட்டில் கணவனை இழந்த ஒரு பெண் குயவரிடம் பேசுகிறாள். அவனோடு தனக்கும் இடம் இருக்கும்படி தாழியை அகலமாகச் செய்யச் சொல்கிறாள். படிக்கும்போது மனசு கனக்கிறது. அந்தக் குயவர் நிலையில் நின்று பார்த்தால் அது அவர் கைக்கு வந்த ஒரு கடினமான ஆர்டரும்கூட. அகலம் கூடினால் சுவர் இன்னும் வெளியே சாயும், மண் கூடும், காய நாள் கூடும். அவளுக்கு அகலமாகச் செய்து கொடுக்கத் தெரிந்த ஒரு கை அந்த ஊரில் இருந்திருக்கிறது என்று நான் நினைத்துக்கொள்கிறேன்.

ஆச்சியின் குலுக்கை

தாழி கட்டினவர்களிடம் இப்போது போய்க் கேட்க முடியாது. ஆனால் அதே முறையில் கட்டின ஒருவர் என் வீட்டிலேயே இருக்கிறார். எங்க ஆச்சி.

குலுக்கை என்றால் வெளியூர்க்காரர்களுக்குத் தெரியாமல் இருக்கலாம். நெல்லோ சோளமோ சேமித்து வைக்கிற பெரிய மண் பாத்திரம். இதைச் சுடுவதில்லை, பச்சை மண்ணிலேயே கட்டிக் காயவைத்துச் சாணம் மெழுகுவார்கள். மேலே வாய், அடியில் கை நுழையும் அளவுக்கு ஒரு துவாரம். தானியத்தை மேலே கொட்டி, கீழே துவாரத்தைத் திறந்து எடுத்துக்கொள்ளலாம். எங்கள் பக்கம் இதைப் பெரும்பாலும் பெண்களே கட்டினார்கள். சக்கரமும் கிடையாது, சூளையும் கிடையாது. வீட்டுக்குள்ளேயே வைத்துக் கட்டியதால் பல குலுக்கைகள் வாசலைவிடப் பெரியவை. வெளியே எடுக்கவே முடியாது. எங்கள் ஓட்டு வீட்டை இடித்துத் தளம் போட்டபோது ஆச்சியின் குலுக்கையையும் உடைத்துத்தான் எடுக்க வேண்டி வந்தது. அப்போது நான் ஏழாம் வகுப்பு. இப்போது எங்கள் தெருவில் குலுக்கை கட்டத் தெரிந்தவர் ஆச்சி ஒருத்திதான். அவங்களுக்கும் கை நடுங்குகிறது, சம்மணம் போட்டு உட்கார முடியவில்லை.

போன செமஸ்டரில் பிளாஸ்டிக் லிமிட் சோதனை செய்தோம், ஞாபகம் இருக்கிறதா? மண்ணைத் தண்ணீர் விட்டுப் பிசைந்து, கண்ணாடி மேல் உருட்டி நூலாக்க வேண்டும். 3 மி.மீ. கனத்தில் நூல் விரிந்து உடையத் தொடங்கினால் அந்த ஈர அளவுதான் பிளாஸ்டிக் லிமிட். 1911-இல் ஸ்வீடன் நாட்டு வேதியியலாளர் அட்டர்பர்க் இந்த எல்லைகளை வகுத்தார். 1932-இல் காசகிராண்டே அவற்றைச் சோதிக்கிற முறையைச் செப்பம் செய்தார்.

லீவில் ஊருக்குப் போனபோது ஆச்சியிடம் இதைச் சொன்னேன். அவங்க பேசாமல் எழுந்து போய்க் குளத்து மண் ஒரு பிடி எடுத்து, ரெண்டு உள்ளங்கைக்கும் நடுவில் வைத்து உருட்டினாங்க. விரலில் சுற்றிப் பார்த்தாங்க. நூல் வெடித்தது.

"இது ஆகாது தாயி. இன்னும் ஒரு கை தண்ணி கேக்குது."

தண்ணீர் தெளித்துப் பிசைந்து மறுபடி உருட்டிச் சுற்றினாங்க. வெடிக்கவில்லை. "இதாம்ட்டி பதம். இதை உங்க காலேஜ்ல சொல்லிக் குடுக்காங்களா?" என்று சிரிச்சாங்க.

நான் என்ன சொல்ல? லேபில் நமக்கு அந்தச் சோதனைக்குத் தராசு, அடுப்பு, ஒரு நாள் எல்லாம் வேண்டியிருந்தது. நம் பதில் ஒரு எண்ணாக வரும். யாருக்கும் எழுதி அனுப்பலாம். ஆச்சியின் பதில் அரை நிமிஷத்தில் வந்துவிடும். ஆனால் அது அவங்க கையோடு இருக்கிறது. ரெண்டுக்கும் உள்ள வித்தியாசம் அவ்வளவுதான். ரேஷன் கடையிலும் பேங்கிலும் 'கைநாட்டு' என்று சொல்கிறோமே, அந்தப் பெருவிரல்தான் இந்தக் கணக்கைத் தெரிந்து வைத்திருக்கிறது.

அடுத்த நாலு நாளும் ஆச்சியை உட்கார வைத்து நோட்டில் எழுதினேன். மண்ணோடு நறுக்கின வைக்கோலும் உமியும் சேர்த்து மிதித்து, சில நாள் ஊறப்போட வேண்டும். வளையம் நாலு விரற்கடை உயரம். ஒரு நாளைக்கு ஒரு வளையம்தான். எங்க வீட்டுக் குலுக்கை மூணு முழம். ஆச்சியின் சாணை ஸ்கேலால் அளந்தேன், 20 செ.மீ. இருந்தது. ரெண்டு சாண் ஒரு முழம், பன்னிரண்டு விரற்கடை ஒரு சாண். ஆகவே குலுக்கை 120 செ.மீ., வளையம் 6.7 செ.மீ. வகுத்தால் பதினெட்டு வளையம், பதினெட்டு நாள். "மூணு வாரம் ஆவும்" என்று ஆச்சி கணக்குப் போடாமலே சொன்னாங்க.

"ஏன் ஆச்சி ஒரு நாளைக்கு ஒண்ணு?" என்று கேட்டேன்.

"நேத்து வச்சது கையை ஊன்றினாத் தாங்கணும். ஆனா புது மண்ணைப் புடிச்சுக்கிடவும் செய்யணும். ரொம்பக் காஞ்சா ஒட்டாது, காயலைன்னா உக்காந்திரும்."

நாம் மேலே போட்ட 17-க்கும் 25-க்கும் உள்ள கணக்கு முழுக்க இந்த இரண்டு வரியில் இருக்கிறது.

காயும்போது நடப்பது

68 கிலோ ஈரமண்ணில் ஐந்தில் ஒரு பங்கு தண்ணீர் என்று வைத்தாலும் 13 லிட்டருக்கு மேல் வருகிறது. ஏறக்குறைய ஒரு குடம் தண்ணீர். அவ்வளவும் சுவர் வழியாக வெளியேறியாக வேண்டும்.

முதலில் போவது மண் துகள்களுக்கு இடையில் இருக்கிற தண்ணீர். அது போகப் போகத் துகள்கள் நெருங்கி வரும், பாத்திரம் சுருங்கும். ஒரு கட்டத்தில் துகள்கள் ஒன்றை ஒன்று தொட்டுவிடும். அதற்குப் பிறகு தண்ணீர் போனாலும் அளவு குறையாது. நாம் படிக்கும் ஷ்ரிங்கேஜ் லிமிட் இதுதான். களிமண் 8 சதவீதம் சுருங்கும் என்றால் 90 செ.மீ. தாழி வேண்டுபவர் 98 செ.மீ. கட்ட வேண்டும்.

எல்லா இடமும் ஒரே மாதிரி சுருங்கினால் பிரச்சினை இல்லை. வாய் மெலிசு, காற்றும் படும், முதலில் காயும். அடி கனம், தரையில் இருக்கும், கடைசியில் காயும். காய்ந்த பாகம் சுருங்கப் பார்க்கும், ஈரப் பாகம் விடாது. அந்த இழுபறியில்தான் விரிசல். அதனால்தான் நிழலில் காயவைப்பதும், வாய் விளிம்பில் ஈரத்துணி போடுவதும். கான்கிரீட்டுக்கு நாம் ஈரச்சாக்கு போடுவது சிமெண்ட் நீரைப் பிடித்து இறுகுவதற்காக. மண்ணுக்கு ஈரத்துணி போடுவது எல்லாம் ஒரே சீராகக் காய்வதற்காக. காரணம் வேறு என்றாலும் கவனம் ஒன்றுதான்.

மணல், உமி, வைக்கோல், உடைந்த ஓட்டுப்பொடி இவற்றைக் கலப்பதும் இதற்குத்தான். மணலும் ஓட்டுப்பொடியும் சுருங்காது. அதனால் மொத்தச் சுருக்கம் குறையும். குலுக்கையில் வைக்கோல் விரிசலைத் தைத்துப் பிடிக்கும், கான்கிரீட்டில் கம்பி போல. சுடுகிற பாத்திரத்தில் உமி எரிந்துபோய் நுண்ணிய துளைகளை விட்டுப் போகும். நீராவி வெளியேற அதுவே வழி.

நெருப்பில் நடப்பது

குலுக்கை பச்சை மண். மழை பட்டால் கரைந்துவிடும். தாழி மூவாயிரம் வருஷம் மண்ணுக்குள் கிடந்தும் கரையவில்லை. வித்தியாசம் நெருப்பு.

100 டிகிரி வரை மெல்லச் சூடேற்ற வேண்டும். மிச்சமிருக்கும் ஈரம் திடீரென்று ஆவியானால் அதன் கன அளவு 1,600 மடங்குக்கு மேல் பெருகும்; சுவர் வெடித்துவிடும். 450 முதல் 600 டிகிரிக்குள் களிமண்ணின் அணு அமைப்புக்குள்ளேயே இருக்கிற தண்ணீர் வெளியேறுகிறது. அதற்குப் பிறகு அது களிமண் இல்லை. எவ்வளவு தண்ணீர் ஊற்றினாலும் சேறாகாது. 573 டிகிரியில் மணலில் உள்ள குவார்ட்ஸ் திடீரென்று விரியும். ஆறும்போது அதே இடத்தில் சுருங்கும். ஆகவே சூளையை அவசரப்பட்டுப் பிரிக்கக் கூடாது. வைக்கோலும் வரட்டியும் அடுக்கிச் சுடுகிற திறந்த சூளையில் பொதுவாக 600 முதல் 900 டிகிரி வரை கிடைக்கும். தெர்மாமீட்டர் கிடையாது, புகையின் நிறத்தையும் தணலின் நிறத்தையும் பார்த்துத்தான் முடிவு.

ஆதிச்சநல்லூரிலும் கொற்கையிலும் கிடைக்கிற கறுப்பு-சிவப்புப் பானைகள் இந்த நெருப்பறிவுக்குச் சாட்சி. வெளியே சிவப்பு, உள்ளேயும் வாய் ஓரத்திலும் கறுப்பு. இரண்டு சாயம் பூசியது அல்ல. பானையைக் கவிழ்த்து வைத்துச் சுட்டால் வெளிப்பக்கம் காற்றுப் பட்டு மண்ணிலுள்ள இரும்பு சிவப்பு ஆக்ஸைடாகும். உள்பக்கம் காற்றில்லாமல் கரி படிந்து கறுக்கும். ஒரே மண், ஒரே நெருப்பு, காற்று மட்டும் வேறு.

அழகும் உண்டு. ஆதிச்சநல்லூரில் 2004-05 தோண்டலில் கிடைத்த ஒரு பானைத் துண்டில் ஒரு பெண், மான், முதலை ஆகிய உருவங்களை மண்ணாலேயே செய்து ஒட்டியிருக்கிறார்கள். புடைப்பாக நிற்கிறது. பல பெரிய தாழிகளின் தோளைச் சுற்றி விரலால் அழுத்திய பட்டை ஓடும். அது அலங்காரம்தான். ஆனால் சிவில் மாணவியின் கண்ணுக்கு அது ஒரு ரிங் பீம் மாதிரியும் தெரிகிறது: இணைப்பை மறைக்கும், சுவர் விரியாமல் சுற்றிப் பிடிக்கும்.

நைஜீரியாவில் ஒரு பெண்

கையால் கட்டின பானை மியூசியத்துக்கும் மண்ணுக்கடியிலும் மட்டும்தானா? இல்லை. உலகம் மதிக்கிற கலையாகவும் ஆகியிருக்கிறது.

ஆப்பிரிக்காவில் நைஜீரியா நாட்டில் குவாலி என்ற கிராமத்தில் 1925 வாக்கில் பிறந்தவர் லாடி குவாலி. அத்தையிடம் பானை கட்டக் கற்றவர். சக்கரம் சுழலாமல் பானை ஓரிடத்தில் நிற்கும். அவர் அதைச் சுற்றிச் சுற்றிப் பின்னோக்கி நடந்துகொண்டே மண் வளையங்களை ஏற்றுவார். அவர் நடைதான் சக்கரம்! சுவரில் பல்லி, பாம்பு, தேள் உருவங்களைக் கீறுவார். அங்கே மைக்கேல் கார்டியூ என்ற ஆங்கிலேயர் நடத்திய மண்பாண்டப் பயிற்சி நிலையத்தில் 1954-இல் சேர்ந்தார். அங்கே சேர்ந்த முதல் பெண் அவர்தான். சக்கரமும் கற்றுக்கொண்டார். ஆனால் பெரிய பானைகளைக் கையால் கட்டுவதை விடவில்லை. அவற்றுக்கு மெருகு பூசி உயர்ந்த சூட்டில் சுட்டதுதான் புதுமை. 1977-இல் அகமது பெல்லோ பல்கலைக்கழகம் அவருக்கு கௌரவ டாக்டர் பட்டம் கொடுத்தது. 1984-இல் காலமானார். நைஜீரியாவின் 20 நைரா நோட்டின் பின்பக்கத்தில் அவர் பானை செய்கிற படம் இருக்கிறது.

இந்தச் செய்தியை ஆச்சிக்குப் படித்துக் காட்டினேன். நோட்டில் படம் போட்டதெல்லாம் அவங்களுக்கு அதிசயமாகப் படவில்லை. "சுத்தி நடந்தாளாக்கும்? நாங்களும் அப்படித்தாம்ட்டி கட்டுவோம். உக்காந்து கட்டினா ஒரு பக்கம் சாஞ்சிரும்லா" என்றாங்க.

நீங்களே செய்து பாருங்கள்

படித்தால் மட்டும் போதாது. விடுதியிலோ வீட்டிலோ இதைச் செய்து பார்க்கலாம்.

1. குளத்து மண்ணைக் காயவைத்துத் தூளாக்கிச் சலித்து, தண்ணீரில் ஊறவைத்துப் பிசையுங்கள். சுண்டுவிரல் கனத்தில் உருட்டி விரலில் சுற்றுங்கள். வெடிக்காமல், கையில் ஒட்டாமல் இருந்தால் அதுதான் பதம்.

2. அதே மண்ணில் ஒரு பட்டை செய்து அதன் மேல் சரியாக 10 செ.மீ. கோடு கீறுங்கள். நிழலில் முழுவதும் காய்ந்ததும் அளந்து பாருங்கள். 9.3 செ.மீ. இருந்தால் சுருக்கம் 7 சதவீதம். அதிகமாகத் தெரிந்தால் மணல் சேர்த்து மறுபடி பாருங்கள்.

3. ஒரு தட்டில் மணல் பரப்பி, அதன் மேல் அடிப்பாகத்தை வையுங்கள். மணல் இருந்தால்தான் சுருங்கும்போது அடி ஒட்டாமல் நகரும்.

4. ஒவ்வொரு வளையத்தையும் வைக்கும் முன் கீழ் வளையத்தின் விளிம்பைக் கீறி, மண் கூழ் தடவுங்கள். ஒட்டின பிறகு உள்ளும் வெளியும் விரலால் மேலிருந்து கீழாக இழுத்து விடுங்கள். இணைப்பில் காற்றும் இடைவெளியும் இருக்கக் கூடாது.

5. விரல் வைத்தால் அமுங்காமல், நகம் வைத்தால் பதியும் நிலை வந்த பிறகே அடுத்த வளையம்.

மெக்கானிக்கல் நண்பர்கள் சுவர்க் கனத்தை வெர்னியரால் நாலு பக்கமும் அளந்து பாருங்கள். கையால் இத்தனை சீராக வைப்பது எவ்வளவு கஷ்டம் என்று அப்போது தெரியும்.

நாம் செய்ய வேண்டியது

நம்மில் பலர் குடும்பத்தில் முதல் முதலாகப் படிக்க வந்தவர்கள். வீட்டில் நமக்குச் சொல்லி அனுப்புவது ஒன்றுதான்: "எங்களை மாதிரி மண்ணுல கிடந்து கஷ்டப்படாதே." அந்த வார்த்தையில் நியாயம் இருக்கிறது. குலுக்கை கட்டின ஆச்சிக்குக் கூலி கிடையாது, பேர் கிடையாது. அந்த வாழ்க்கைக்குத் திரும்பிப் போகச் சொல்லி நான் எழுதவில்லை. டிப்ளமோ முடித்து வேலைக்குப் போவேன். அம்மா தலையிலிருந்து வாழைத்தாரை இறக்கி வைப்பேன். ஆனால் கஷ்டத்தை விடும்போது அதோடு சேர்த்து அறிவையும் குப்பையில் போட வேண்டியதில்லை.

தாழி கட்டினவர்கள் ஒரு வரிகூட எழுதி வைக்கவில்லை. அவர்கள் எப்படிக் கட்டினார்கள் என்று இன்றைக்கு உடைந்த ஓட்டை வைத்து நிபுணர்கள் ஊகிக்க வேண்டியிருக்கிறது. நம் வீட்டில் இருப்பவர்களிடமோ இப்போதே வாய்விட்டுக் கேட்கலாம். கேட்டதை அளந்து வரையவும் நமக்குத்தான் சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள்.

ஆச்சியின் குலுக்கைக்கு நான் பிளான், எலிவேஷன், செக்‌ஷன் மூன்றும் டிராயிங் ஷீட்டில் போட்டுவிட்டேன். செக்‌ஷனில் பதினெட்டு வளையமும் இருக்கிறது. அடித் துவாரம் தரையிலிருந்து எத்தனை விரற்கடை என்று ஆச்சி ரெண்டு தடவை திருத்திச் சொன்னாங்க.

உங்கள் வீட்டிலும் யாராவது இருப்பார்கள். பத்தமடையில் கோரை நெய்கிறவர், பனை ஏறுகிறவர், வலை பின்னுகிறவர், வண்டிச் சக்கரம் செய்தவர், சுண்ணாம்பு அரைத்தவர். அடுத்த லீவில் ஒரு நோட்டும் ஒரு ஸ்கேலும் எடுத்துக்கொண்டு அவர்கள் பக்கத்தில் உட்காருங்கள். என்ன பொருள், என்ன அளவு, எத்தனை நாள், ஏன் அப்படி என்று நாலு கேள்வி கேளுங்கள். 'ஏன்' என்ற கேள்வியை மட்டும் விட்டுவிடாதீர்கள். நம் பாடப் புத்தகம் அந்த இடத்தில்தான் அவர்களோடு வந்து சேருகிறது.